ஊடுருவலுக்கு வேறு சொல்

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. கதை, நாவல் என்று நினைத்துவிட வேண்டாம். ஏ.சி. வாங்கினால் கூடவே வரும் கையேடு, பல் மருத்துவரிடம் கையெழுத்துப் போடும் படிவம், அடுக்குமாடிச் சங்கத்தின் விதிமுறைகள், இப்படி யாரும் முழுதாகப் படிக்காத காகிதங்கள். முடிச்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஒரு ஓரம்தான் என் அலுவலகம். மறு ஓரத்தில் உட்கார்ந்து என் கணவர் பேப்பர் படிப்பார். எல்லைப் பாதுகாப்புப் படையில் பதினேழு வருடம் இருந்துவிட்டு, பிறகு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். எங்கள் ஒரே மகள் புனேயில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவளோடு போனில் பேசுவோம். பேசுவது நான்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவார்.

போன வருடம் மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு வேலை வந்தது. பெரிய மருத்துவமனை ஒன்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் இரண்டு பக்கத் தாள். கையில் டிரிப்ஸ் போட்டிருக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பது விஷயம். அரை நாளில் முடித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அந்த மருத்துவமனையில் இதைக் கவனிக்கும் பெண் போன் செய்தாள்.

“மேடம், எல்லாம் நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு இடம்தான். ‘மருந்து ஊடுருவல் ஏற்படலாம்’னு போட்டிருக்கீங்க.”

“ஆமா. இங்கிலீஷ்ல இன்ஃபில்ட்ரேஷன்னுதானே இருக்கு?”

“இருக்கு மேடம். ஆனா படிச்சா எல்லையில யாரோ வேலி தாண்டி வந்துட்ட மாதிரி இருக்கு. எங்க வார்டுல நாலு பேர்கிட்ட காட்டினேன். மூணு பேருக்குப் புரியல. ஒரு அம்மா பயந்துட்டாங்க. வேற சிம்பிளா ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்.”

இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். அகராதியைப் புரட்டினால் ஊடுருவல், உட்புகல், உட்கசிவு. எதைப் போட்டாலும் அந்த அம்மாவுக்கு உதவாது. என் பழைய வேலைகளைத் திறந்து தேடிப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஏ.சி. கையேட்டில் ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வரும் வெளிக்காற்றுக்கு ‘காற்று ஊடுருவல்’ என்று போட்டிருந்தேன். பல் மருத்துவரின் படிவத்தில், ஈறில் போடும் மரத்துப்போகிற ஊசிக்கு ‘ஊடுருவல் உணர்விழப்பு’. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைப் படித்தவர் யாராவது இருந்தால் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடியிருப்பார். மழைநீர் சேகரிப்பு பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தில், மண் எவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடிக்கிறது என்பதற்கு ‘ஊடுருவல் வீதம்’.

இந்தக் கடைசி வார்த்தைக்கு எனக்கு ஏற்கெனவே ஒரு முறை பதில் கிடைத்திருந்தது. பெருவெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பல வீடுகளில் மழைநீர்க் கிணறு போட்டார்கள். எங்கள் வீட்டில் சிமெண்ட் உறை இறக்க வந்தவர் குன்றத்தூர்க்காரர். வாய் ஓயாத மனிதர். அப்போது அந்தப் புத்தகத்தின் அச்சுப்படி மேஜைமேல் கிடந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர் அதை எடுத்துப் படித்தார்.

“இன்னா மேடம், ஊடுருவல்னு எழுதிக்கீறீங்க. தண்ணி இன்னா திருடனா?”

“பின்ன நீங்க என்ன சொல்வீங்க?”

“தண்ணி எறங்கும். இல்லாங்காட்டி நிக்கும். அவ்ளோதான்.”

பிறகு வாசலுக்குக் கூப்பிட்டுப் போய், கடப்பாரையால் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, ஒரு வாளி தண்ணீரை ஊற்றிக் காட்டினார். நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என் கணவர் வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அசையவே இல்லை. “ஏரி மண்ணு மேடம் இது. குடிக்காது. ஆழமாப் போனாத்தான் மணல் வரும்” என்றார். புத்தகத்தில் அந்த வார்த்தையை மாற்றலாமா என்று பதிப்பாளரைக் கேட்டு எழுதினேன். வடிவமைப்பு முடிந்துவிட்டது என்றார்கள். அப்படியே விட்டுவிட்டேன்.

டிரிப்ஸ் தாளை அப்படி விட மனமில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் வேறு மாதிரிப் போயின.

மழை விடாமல் பெய்து தெருவில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. கால்வாய் வாயில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரர் சொன்னதும், என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இருமல் இருக்கிறது, போகாதீர்கள் என்றேன். “அஞ்சு நிமிஷம்” என்றார். ஒன்றரை மணி நேரம் மழையில் நின்று அடைப்பை எடுத்துவிட்டுத்தான் வந்தார். அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் மூச்சு விடும்போது விலாவில் குத்துகிறது என்றார். அவராக வலி என்று வாய் திறந்தால் அது பெரிதாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆட்டோ பிடித்து தாம்பரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் சின்ன நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட் என் கைக்குத்தான் வந்தது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி என்று ஆரம்பித்த வரியின் முடிவில் அதே ஆங்கில வார்த்தை.  வார்த்தையாக மேஜைமேல் கிடந்தவரை அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அது அவர் நெஞ்சுக்குள் இருந்தது.

“என்ன போட்டிருக்கு?” என்று கேட்டார்.

“சளி கட்டியிருக்காம். நிமோனியா ஆரம்பம். அட்மிட் ஆகணும்.”

கையை நீட்டி ரிப்போர்ட்டை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“இது எங்க வார்த்தையாச்சே,” என்றார். ரிப்போர்ட்டை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

முதல் மாடியில் இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டில் காலி. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தமும் ஜி.எஸ்.டி. சாலை ஹாரன் சத்தமும் கலந்து வரும். இடது கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏற்றினார்கள். மறுநாள் காலை காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. பயமும் கொஞ்சம் இறங்கியது. நான் வீட்டிலிருந்து எடுத்து வந்த பையைத் திறந்தேன். அந்தத் தாளின் அச்சுப் பிரதி அதில் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மடியில் தாள், கையில் பேனா. ஊசி போட்ட இடத்தைச் சுற்றி வீக்கம். தோல் இறுகிப் பளபளப்பாகத் தெரிதல். தொட்டால் சில்லென்று இருத்தல். ‘குளிர்ச்சி’ என்று முதலில் போட்டிருந்ததை அடித்துவிட்டு ‘சில்லென்று’ என்று எழுதினேன். ‘மோதிரம் இறுகுதல்’ என்பதை ‘மோதிரம், வளையல் இறுக்கமாகத் தெரிந்தால்’ என்று மாற்றினேன். இரண்டு மணி நேரம் இருக்கும். அவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இடது கை போர்வைக்கு மேலே, என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்தது.

பதினொரு மணிக்குக் கஞ்சி வந்தது. எழுந்து உட்காரச் சொன்னேன். டம்ளரை வாங்க இடது கையை நீட்டினார். விரல்கள் மடங்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன். புறங்கை பன் போல உப்பியிருந்தது. கல்யாண மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. தொட்டேன், சில்லென்று இருந்தது.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன். சிஸ்டர் உடனே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். பார்த்ததுமே டிரிப்ஸை நிறுத்தினாள்.

“லைன் அவுட் ஆயிடுச்சு. மருந்து நரம்புல போகாம சதையில போயிருக்கு. ஏன் அங்கிள், கை வீங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“பெருசா வலிக்கலம்மா. இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.”

“வலிக்கலன்னாலும் சொல்லணும் அங்கிள். நாங்க ஒரு ரவுண்டு வந்துட்டுப் போனா அடுத்த ரவுண்டு வரைக்கும் எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து அழுத்தினாள். கிரீம் தடவி மோதிரத்தை மெல்லத் திருகிக் கழற்றி என் கையில் கொடுத்தாள். தலையணைமேல் கையை உயர்த்தி வைத்தாள். நல்லவேளையாக அது சாதாரண மருந்துதான், இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிடும் என்றாள். பிறகு வலது கையில் புதிதாக ஊசி போட்டுவிட்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

நான் மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மடியிலிருந்து விழுந்த தாள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதில் என் கையெழுத்தில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் எழுதிய ‘சில்லென்று’. என்னை மீறி அழுகை வந்தது. அவர் பதறிவிட்டார்.

“என்ன ஆச்சு? அதான் சரி பண்ணிட்டாங்களே.”

“இதையேதாங்க எழுதிட்டு இருந்தேன். இதே வீக்கம், இதே மோதிரம். பக்கத்துல உக்காந்துக்கிட்டு உங்க கையைப் பாக்கல.”

அவர் தாளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். என் வேலை எதையும் அவர் அதுவரை படித்ததில்லை. நான் வட்டமிட்டு வைத்திருந்த ‘ஊடுருவல்’ என்ற இடத்தில் வந்து நின்றார். அதுதான் இங்கிலீஷில் இன்ஃபில்ட்ரேஷன், எக்ஸ்ரேயிலும் அதுதான், அந்த மருத்துவமனைப் பெண் வேறு சொல் கேட்டிருக்கிறாள் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னேன்.

“ஹிந்தியில இதை குஸ்பைட்னு சொல்வாங்க,” என்றார். “ஒரு நாளைக்கு நூறு தடவை கேப்போம்.” பிறகு, நான் கேட்காமலே, கல்யாணமாகி முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. வடக்கே, எல்லை ஓரம் ஒரு காவல் சாவடி. சுற்றிலும் கோதுமை வயல். வேலி எல்லைக்கோட்டின் மேலேயே இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கும். அதனால் சில விவசாயிகளின் நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும். காலையில் கதவைத் திறந்து விடுவார்கள், சாயங்காலம் திரும்பி வந்துவிட வேண்டும். கதவு திறக்காத நேரத்தில் வேலி ஓரம் யார் தெரிந்தாலும் மூன்று முறை நில் என்று கத்த வேண்டும். நிற்காவிட்டால் சுட வேண்டும்.

“பனிக்காலம். காலையில ஏழு மணி இருக்கும். அம்பதடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் சரியாத் தெரியல. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு உருவம் நடந்து வருது. நான் கத்தினேன். நிக்கல. ரெண்டாவது தடவை கத்தினேன். நடை மாறவே இல்ல. மூணாவது தடவை கத்தும்போது துப்பாக்கியைத் தூக்கிட்டேன். அந்த ஆளோட கை ரெண்டும் தெரியல. கை தெரியலன்னா அதுல என்ன இருக்குன்னு தெரியாது. சுட வேண்டியதுதான்.”

“சுட்டீங்களா?”

“இல்ல.”

ஏன் என்று கேட்டேன். 

“அந்த நடை. பயந்து வர்றவன் அப்படி நடக்க மாட்டான். கையைப் பின்னால கட்டிக்கிட்டு, சாப்பிட்டு முடிச்சு வீட்டைச் சுத்தி வர்ற மாதிரி நடந்தார். அது மட்டும்தான். வேற காரணம் இல்ல. ட்ரிக்கர்ல விரலை வச்சுக்கிட்டே நின்னேன். வேலிகிட்ட வந்து என்னைப் பாத்தாரு. துப்பாக்கியைப் பாத்து அப்படியே உக்காந்துட்டாரு.”

வயதானவர். பக்கத்து ஊர் விவசாயி. முந்தின நாள் மாலை பனி சீக்கிரமே இறங்கிவிட்டதால் கதவு மூடியது தெரியாமல், வயலில் இருந்த கொட்டகையிலேயே தங்கிவிட்டார். காது சுத்தமாகக் கேட்காது. மூன்று முறை கத்தியதில் ஒன்றுகூட அவர் காதில் விழவில்லை.

“உள்ள கூட்டிட்டு வந்து டீ குடுத்தோம். ஊர்த் தலைவர் வந்து அடையாளம் சொல்லிக் கூட்டிட்டுப் போனார். மறுநாள் அந்தப் பெரியவர் ஒரு துணியில வெல்லம் கட்டிக் கொண்டுவந்து என்கிட்ட குடுத்தாரு. குளிர்ல நின்னவனைக் கூப்பிட்டு டீ குடுத்தோம்னு சந்தோஷம் அவருக்கு. நான் என்ன செய்ய இருந்தேன்னு அவருக்குப் புரிஞ்சுதா இல்லையான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

“நல்லதுதானே செஞ்சீங்க? இதை ஏன் இத்தனை வருஷம் சொல்லல?”

“எங்க ஆபீசர் என்னைக் கூப்பிட்டு விட்டாரு. திட்டல. மெதுவாத்தான் பேசினாரு. ‘நீ நடையைப் பாத்து முடிவு பண்ணியிருக்க. நடிக்கத் தெரிஞ்சவனா இருந்தா உனக்குப் பின்னால தூங்கிட்டிருந்த பன்னெண்டு பேரும் போயிருப்பாங்க’ன்னாரு. அவர் சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. நான் சுடாம இருந்ததும் தப்பு இல்ல. ரெண்டையும் சேத்து யார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. விட்டுட்டேன்.”

தொழில் புத்தி என்னை விடவில்லை. “பதிவேட்டில என்ன எழுதினாங்க?” என்று கேட்டேன்.

“பதிவேடு எழுதுறவன் முதல்ல ‘ஊடுருவல் முயற்சி, சந்தேகம்’னு எழுதினான். மத்தியானம் அதை அடிச்சுட்டு ‘உள்ளூர் விவசாயி’ன்னு எழுதினான்.”

அவ்வளவு பேசியதில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனார். வீங்கிய கையைத் தலையணைமேல் சரியாக வைத்துவிட்டு, அரை மணிக்கு ஒரு முறை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குமேல் விரல்கள் கொஞ்சம் மடங்கின.

சாயங்காலம் வராந்தாவில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். “சில சமயம் மருந்து நரம்பில் போகாமல் சதையில் போய்விடும். கை வீங்கினாலோ, சில்லென்று இருந்தாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். வலிக்காவிட்டாலும் சொல்லுங்கள்.”

“சூப்பர் மேடம். ஆனா நரம்புன்னா டாக்டர் ஒத்துக்க மாட்டார். அது வேற, இது வேறம்பார்.”

“ஊர்ல எல்லாரும் நரம்புல ஊசி போட்டாங்கன்னுதானே சொல்றாங்க?”

“சொல்றாங்க. ஆனா எழுத்துல வந்தா என்னைக் கேப்பாங்க.”

ரத்தக்குழாய் என்று மாற்ற ஒப்புக்கொண்டேன். சதையை மட்டும் யாரும் தொடக்கூடாது என்றேன். சரி என்றாள். பிறகு, “கடைசி வரி இங்கிலீஷ்ல இல்லையே மேடம்?” என்று கேட்டாள். “இல்ல. நான் சேத்தது” என்றேன். காரணம் கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. “இருக்கட்டும், டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றாள். ஒரு மாதம் கழித்து அச்சடித்த தாள் இரண்டு பிரதி தபாலில் வந்தது. அந்த வரி இருந்தது, தடித்த எழுத்தில்.

அவரை ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மழை விட்டிருந்தது. தெருவில் தண்ணீர் வடிந்து சேறுதான் மிச்சம். எதிர்வீட்டுக்காரர் வந்து, தன்னால்தான் இவ்வளவும் என்று வருத்தப்பட்டார். “கால்வாய் ஓடுதா?” என்று மட்டும் இவர் கேட்டார். ஓடுகிறது என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார். இரண்டு வாரம் மாத்திரை, பழைய தெம்பு வர இன்னும் ஒரு மாதம். இரண்டாவது எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போலக் கூப்பிட்டாள். நான் அடுப்படியில் கறிக்குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்ததால் போனை அவர்தான் எடுத்தார். நலம் விசாரித்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார் என்று பார்த்தேன். வரவில்லை. கூடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. “உனக்கு ஒண்ணு சொல்லணும்மா. நான் வேலைக்குப் போன புதுசுல நடந்தது.”

அடுப்பைத் தணித்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டேன். பனி, வேலி, மூன்று முறை கத்தியது, வெல்லம், ஆபீசர், எல்லாம் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடக் கொஞ்சம் சரளமாக வந்தது. என்னிடம் சொல்லாத ஒன்றும் அதில் இருந்தது. அன்று அந்தப் பெரியவருக்கு டீ கொடுத்தபோது இவரும் ஒரு டம்ளர் எடுத்தாராம். கை நடுங்கி எல்லாம் சட்டைமேல் கொட்டிவிட்டதாம். அதைப் பார்த்த பெரியவர் தன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்து இவர் தோளில் போட்டாராம்.

 ஸ்பீக்கரில் போட்டிருந்தார், மகளின் குரல் எனக்கும் கேட்டது.

“அப்பா, அவருக்கு என்ன வயசு இருக்கும்?”

“இப்ப எனக்கு இருக்கிற வயசுதான் இருக்கும்மா,” என்றார். பிறகு எழுந்து வந்து, “இந்தா, அம்மாகிட்ட பேசு” என்று போனை என்னிடம் நீட்டிவிட்டு, குழம்பைக் கிளற அவரே கரண்டியை வாங்கிக்கொண்டார்.